ஊருக்குப் போகுமுன் தண்ணீரையும் பூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் வீட்டுத் தண்ணீர் பைப்புகள் உறைவது பற்றித் தங்கள் இதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில் அண்மையில் வெளியான குறிப்பை வாசித்தேன். இரவில் குழாயைச் சொட்டவிடுங்கள், உறைந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள், பைப்பைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள் என்று மூன்று யோசனைகள் அதில் இருந்தன. முதலாவது சரி, ஆனால் அது ஏன் சரி என்பது சொல்லப்படவில்லை. இரண்டாவது ஆபத்தானது. மூன்றாவது பாதி உண்மை. இவை எல்லாவற்றையும் விட, நம்மவர் வீடுகளில் மிகப் பெரிய சேதம் எப்போது நேர்கிறதோ அந்த வாரங்களைப் பற்றி, அதாவது மார்கழி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இலங்கைக்கோ இந்தியாவுக்கோ புறப்பட்டுவிடும் வாரங்களைப் பற்றி, அதில் ஒரு வரிகூட இல்லை. ரொறொன்ரோவிலும் சுற்றுப்புற நகரங்களிலும் கட்டடப் பராமரிப்பு வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது என்று பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். ஆகவே பனிக்கட்டி உருவாகும் இடத்திலேயே பைப் வெடிக்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. பைப்பின் ஏதோவொரு குளிர்ந்த பகுதியில் முதலில் ஓர் அடைப்பு உருவாகிறது. அது வளர வளர, தனக்கும் மூடியிருக்கும் குழாய்க்கும் இடையில் அகப்பட்ட தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீர் எளிதில் அமுங்கிச் சுருங்குகிற பொருள் அன்று, வெளியேறவும் வழியில்லை. சாதாரணமாக 40 முதல் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு) வரை இருக்கும் வீட்டுத் தண்ணீரின் அமுக்கம், அடைபட்ட அந்தத் துண்டுக்குள் பல பத்து மடங்கு ஏறி, எந்த இடம் வலுக்குறைந்ததோ அந்த இடத்தில் பைப்பைக் கிழிக்கிறது. பெரும்பாலும் அந்த இடத்தில் பனிக்கட்டியே இருப்பதில்லை. வெட்டி எடுத்த செம்பு பைப்புத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்: முதலில் வயிறு உப்பியிருக்கும், பிறகு நீளவாக்கில் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ பிளந்து, ஓரங்கள் வெளிப்புறமாக மடிந்து, மீன் வாயைத் திறந்ததுபோல இருக்கும். பிளவின் விளிம்பு கையை அறுக்கும்.

குழாயைச் சொட்டவிடச் சொல்வதன் காரணமும் இதுதான். ஓடுகிற தண்ணீர் உறையாது என்பதற்காகவே சொட்டவிடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டம் ஓரளவுக்கு உதவும் என்பது உண்மையே. ஆனால் திறந்திருக்கும் குழாய் செய்யும் பெரிய உதவி, அமுக்கம் வெளியேற ஒரு வழி வைத்திருப்பதாகும். அடைப்பு உண்டானாலும் பைப் தப்பிவிடும். இதை விளங்கிக்கொண்டால் எந்தக் குழாயைத் திறந்துவைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். வெளிச்சுவரை ஒட்டி வரும் பைப்பின் முடிவில் உள்ள குழாயையே திறக்க வேண்டும். உள்சுவரில் உள்ள குளியலறைக் குழாயைச் சொட்டவிட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பதில் பயனில்லை. ஒற்றைக் கைபிடி உள்ள குழாயாயின் அதை நடுவில் வைத்து, சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும் சேர்ந்து சொட்டச் செய்ய வேண்டும். சுடுதண்ணீர் பைப் உறையாது என்பது வெறும் நம்பிக்கை. இரவு முழுவதும் ஓடாமல் நிற்கும் தண்ணீர் எந்த பைப்பில் நின்றாலும் ஒன்றுதான்.

எந்தக் குளிரில் கவலைப்பட வேண்டும் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பூச்சியம் பாகையில் தண்ணீர் உறைகிறது என்றாலும், பைப்புக்குள் அமைதியாக நிற்கும் தண்ணீர் பூச்சியத்துக்கும் கீழே சில பாகைகள் இறங்கிய பிறகே பனிக்கட்டியாகத் தொடங்குவது வழமை. தொடங்கியதும் ஊசி ஊசியாகக் கிளைத்துச் சட்டென்று பைப்பை அடைத்துவிடும். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்பின் என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பின்னர் 1990களில் இலினோய் பல்கலைக்கழகத்தினர், வெப்பக் காப்பு இல்லாத இடங்களில் ஓடும் பைப்புகளை வைத்துச் செய்த சோதனைகளில், வெளியே ஏறக்குறைய -7 பாகை செல்சியஸ் ஆகும்போது எச்சரிக்கை தேவை என்று கண்டார்கள். ரொறொன்ரோவில் தை, மாசி மாதங்களில் அந்த எல்லையைத் தாண்டாத வாரம் அபூர்வம். வானொலியில் சொல்லும் காற்றுக் குளிர் எண்ணைக் கேட்டு மட்டும் பயப்படத் தேவையில்லை. -15 பாகைக் காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் பைப்பை -30 பாகைக்குக் கொண்டுபோகாது. ஆனால் கேபிள் நுழைந்த துவாரம், உலர்த்தி இயந்திரத்தின் புகைபோக்கி, விளிம்பு வெடித்த யன்னல் ஆகியவற்றின் வழியாக நேரே பைப்பின்மீது படும் காற்று, மணிக்கணக்கில் நடக்க வேண்டிய குளிர்ச்சியை மிகக் குறைந்த நேரத்தில் நடத்திவிடும். இரண்டு டொலர் பெறாத ஒரு விரிசலை அடைக்காமல் விட்டதால் சுவரையே உடைக்க நேர்ந்த வீடுகள் உண்டு.

இனி நம்முடைய வீடுகளுக்கு வருகிறேன். கனடாவில் முறையாகக் கட்டப்பட்ட வீட்டில் பைப்புகள் பெரும்பாலும் உள்சுவர்களிலும் பேஸ்மன்ட் கூரையிலும்தான் ஓடும். கட்டியவர் அறிந்தே அப்படி வைத்தார். பிறகு நாம் செய்யும் மாற்றங்களே வம்பை விலைக்கு வாங்குகின்றன. மீன் பொரிக்கவும் கறித்தூள் வறுக்கவும் என்று கராஜுக்குள் இரண்டாவது குசினி அமைப்பது மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கங்களில் வழக்கமாகிவிட்டது. வாசனை வீட்டுக்குள் வராது என்பது நியாயமான காரணந்தான். அதில் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கராஜ் வெப்பமூட்டப்படாத இடம். அதன் கதவு ஒரு நாளில் பல தடவைகள் முழு அகலத்துக்குத் திறக்கிறது. அங்கே பாத்திரம் கழுவும் தொட்டி வைப்பதற்காக வெளிச்சுவர் வழியே இழுத்த பைப், முதலாவது கடுங்குளிர் இரவிலேயே உறைவதற்கு ஏற்றதாக அமைந்துவிடுகிறது.

அப்படியொரு வேலையைப் பிரித்துப் பார்க்க நேர்ந்தது. சுவர்ப் பலகையைக் கழற்றியதும் இளஞ்சிவப்பு நிறக் கண்ணாடிப் பஞ்சு நேர்த்தியாக அடைக்கப்பட்டிருந்தது; பைப்பைக் காணவில்லை. பஞ்சைப் பிடுங்கிய பிறகு அதற்குப் பின்னால், வெளிப்பலகையை ஒட்டி, வெறும் பைப் ஓடியது தெரிந்தது. வேலை செய்தவர் வீட்டின் வெப்பத்துக்கும் பைப்புக்கும் நடுவில் பஞ்சை வைத்து, பைப்பைக் குளிர்ப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். பஞ்சே வைக்காமல் விட்டிருந்தால்கூட அறையின் சூடு கொஞ்சமாவது அந்த பைப்பைத் தொட்டிருக்கும். வெப்பக் காப்பு எப்போதும் பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். அறைப் பக்கத்தில் அதற்கு வேலையில்லை. இது எளிய விதிதான். ஆனால் சுவரை மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாத இடத்தில் இருப்பதால் அடிக்கடி மீறப்படுகிறது. ரொறொன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தில் புதிய தண்ணீர் வசதி அமைப்பதற்குக் கட்டட அனுமதி பெற வேண்டும். அனுமதி பெற்றால், சுவரை மூடுமுன் பரிசோதகர் வந்து பார்ப்பார். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அவருடைய கண்ணையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

குறிப்பில் சொல்லப்பட்ட துணி சுற்றும் யோசனை பாதி உண்மை என்று நான் எழுதியதற்கும் இதுவே காரணம். துணியோ, கடையில் வாங்கும் நுரைக் குழலோ வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஒரு பக்கத்திலிருந்தும் வெப்பம் வராத கராஜில் அது உறைவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடலாம். வாரக்கணக்கில் நீடிக்கும் குளிரில் தடுக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு மின்சாரத்தால் சூடாகும் பட்டி உண்டு. சான்றுமுத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கி, உற்பத்தியாளர் சொன்னபடியே கட்ட வேண்டும்; ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றினால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் கராஜ்த் தொட்டியின் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி, பைப்பை வடியவிடுவது இதைவிட மலிவானது, உறுதியானது.

குசினித் தொட்டி யன்னலுக்குக் கீழே, வெளிச்சுவரில் இருக்கும் வீடுகளில் கடுங்குளிர் இரவுகளில் தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்தால் அறையின் சூடு உள்ளே போகும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடாயின் அங்கே வைத்திருக்கும் சுத்திகரிப்பு திரவங்களை முதலில் அப்புறப்படுத்திவிடுங்கள். எரிவாயுக் கட்டணத்தைக் குறைக்கப் பயன்படுத்தாத அறைகளின் வெப்பத் துவாரங்களை மூடிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த அறையின் சுவரில் பைப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுவது நல்லது.

வெளிக்குழாய் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. கோடை முழுவதும் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் பயற்றங்காயும் வளர்க்கிற நம்மவர்கள், கடைசிக் காய் பறித்த பிறகு தோட்டத்தை மறப்பதோடு குழாயில் பூட்டிய ஹோஸையும் மறந்துவிடுகிறார்கள். புதிய வீடுகளில் இருக்கும் உறையாத வகைக் குழாயின் வால்வு வெளியே இல்லை. சுவரைத் தாண்டி உள்ளே, சூடான பகுதியில் இருக்கிறது. மூடியதும் இடையில் உள்ள தண்ணீர் தானாக வடிந்துவிட வேண்டும் என்பதே அதன் அமைப்பு. ஹோஸ் பூட்டியிருந்தால் தண்ணீர் வடியாது. சுவருக்குள் உறைந்து வெடிக்கும். இதில் கொடுமை என்னவென்றால், வால்வு மூடியிருக்கும்வரை ஒழுக்கு தெரியாது. வைகாசியில் கன்று நட்டுத் தண்ணீர் விட வெளிக்குழாயைத் திறக்கும்போதுதான் பேஸ்மன்ட் சுவரில் தண்ணீர் இறங்கும். ஐப்பசியிலேயே ஹோஸைக் கழற்றி, உள்ளே அதற்கென இருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடியவிட்டால் இந்தச் செலவு இல்லை.

இவ்வளவு செய்தும் உறைந்துவிட்டால் என்ன செய்வது? காலையில் எழுந்து குழாயைத் திறந்து தண்ணீர் வரவில்லையென்றால், முதலில் வேறு குழாய்களையும் திறந்து பாருங்கள். ஒரு தொட்டியில் மட்டும் வரவில்லையென்றால் அடைப்பு வீட்டுக்குள், அந்தக் குழாய்க்குப் போகும் வழியில் இருக்கிறது. வீடு முழுவதும் வரவில்லையென்றால் தண்ணீர் மீற்றர் அருகிலோ நிலத்துக்குக் கீழேயோ இருக்கக்கூடும்; பக்கத்து வீட்டாரிடம் விசாரித்துவிட்டு ரொறொன்ரோவாசிகள் மாநகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைக்க வேண்டும். வீட்டுக்குள் உறைந்த பைப்பை இளக்கும்போது குழாயைத் திறந்தே வைத்திருங்கள். தலைமுடி உலர்த்தியையோ, இளஞ்சூட்டு நீரில் நனைத்த துவாயையோ பயன்படுத்தி, குழாய் இருக்கும் முனையிலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிப் போக வேண்டும். நடுவில் தொடங்கினால், இருபுறமும் பனிக்கட்டி அடைத்திருக்க, இடையில் உருகிச் சூடாகும் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. தரையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் மின்சாதனம் எதையும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கொதிநீர் ஊற்றும் யோசனையைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். சுவருக்குள் இருக்கும் அடைப்புக்கு அது போய்ச் சேராது. வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைப்பின் இணைப்புகளைக் கெடுக்கலாம். குனிந்து, இடுக்கில் நின்று ஊற்றுகிறவரின் கை கால் வேகும். தங்கள் குறிப்பில் இல்லாவிட்டாலும் நம்மவர்கள் சிலர் செய்கிற இன்னொன்று, தீச்சுடர் பாய்ச்சும் வாயு டோர்ச்சால் பைப்பைச் சூடாக்குவது. பைப்புக்குப் பின்னால் இருப்பது காய்ந்த மரச்சட்டமும் காகிதம் ஒட்டிய பஞ்சும். நெருப்பு உடனே தெரியாது. உள்ளே கனன்று, வேலை முடிந்தது என்று எல்லோரும் போன பிறகு எழும்பும். உறைந்த பைப்பை இளக்கப்போய் வீடு எரிந்த செய்தி வட அமெரிக்காவில் கடுங்குளிர் காலங்களில் வராமல் இருப்பதில்லை. செம்பு பைப்பில் வெல்டிங் இயந்திரத்தால் மின்சாரம் பாய்ச்சி இளக்கும் முறையும் அறிந்தவர்களுக்கே உரியது.

இளகும் நேரமே ஆபத்தான நேரம் என்பதையும் பலர் உணர்வதில்லை. பைப் விடியற்காலை வெடித்திருக்கலாம். ஆனால் பனிக்கட்டி அடைத்திருக்கும்வரை ஒரு சொட்டும் ஒழுகாது. பகலில் சற்று வெப்பம் ஏறி அடைப்பு விலகிய பிறகே தண்ணீர் பாயத் தொடங்கும். அரை அங்குல பைப் நன்றாகப் பிளந்தால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் லீற்றர் அளவு தண்ணீர் தரையில் கொட்டிவிடும். ஆகவே இளக்கத் தொடங்குமுன் வீட்டின் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அதன் அருகில் நிற்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பேஸ்மன்டில், வீதியைப் பார்த்த சுவரில், மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். நெம்புகோல் வகையாயின் கால் சுற்றில் மூடிவிடும். பழைய வீடுகளில் உள்ள வட்டப்பிடி வால்வு ஆண்டுக்கணக்கில் தொடாமல் இறுகிப்போயிருக்கும். அவசரத்தில் பலங்கொண்டு திருகினால் தண்டு முறியும். வெள்ளம் வந்த பிறகு அதைப் பரீட்சித்துப் பார்ப்பதைவிட, கோடையில் ஒருநாள் பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றிவிடுவது எவ்வளவோ மேல்.

நிலத்துக்குக் கீழே உறைவது வேறு கதை. தெற்கு ஒன்ராறியோவில் பனி இறங்கும் ஆழம், அதாவது நிலம் உறைகிற ஆழம், ஏறக்குறைய 1.2 மீற்றர் என்று கொண்டே பைப் புதைக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு மாசி, ரொறொன்ரோ கண்ட மிகக் குளிரான மாசி மாதங்களுள் ஒன்று. அப்போது நிலத்தடியில் பைப் உறைந்து பல வீடுகள் தண்ணீரின்றித் தவித்தன. அதற்கு முந்திய குளிர்காலத்தில் வின்னிபெக் நகரில் பனி 2 மீற்றருக்கும் கீழே இறங்கி, ஆயிரக்கணக்கான வீடுகள் பாதிக்கப்பட்டன. நிலம் மெதுவாகவே குளிர்கிறது என்பதால் வெளியே வெயில் எட்டிப் பார்த்த பிறகும், மாசி இறுதியிலும் பங்குனியிலும்கூட இப்படி நேரலாம். வீதியிலிருந்து உங்கள் காணி எல்லைவரை மாநகரசபையின் பொறுப்பு. எல்லையிலிருந்து வீட்டுக்குள் உங்கள் பொறுப்பு.

மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எங்களுடையது எரிவாயு வெப்பமூட்டி, மின்சாரம் இல்லாவிட்டாலும் ஓடும் என்று நினைத்திருந்த பலருக்கு 2013 மார்கழிப் பனிமழை பாடம் கற்பித்தது. அதன் விசிறியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. அந்தப் புயலில் ரொறொன்ரோ நகரில் மட்டும் ஏறக்குறைய மூன்று இலட்சம் மின்பாவனையாளர்கள் இருளில் இருந்தார்கள். சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரம் வரவில்லை. அப்படியொரு நிலையில் உறவினர் வீட்டுக்குப் போய்த் தங்குமுன் தண்ணீரை முதன்மை வால்வில் நிறுத்தி, குழாய்களைத் திறந்து வடியவிட்டுச் செல்ல வேண்டும்.

இப்போது என் கடிதத்தின் முதன்மையான விடயம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஆடி, ஆவணியில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையை ஒட்டி மார்கழியில் புறப்பட்டு, கல்யாணவீடு, கோயில், உறவு என்று மூன்று நான்கு கிழமைகள் நின்றுவிட்டுத் தை நடுவில் திரும்புகிற குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். போகிற அவசரத்தில் செலவை மிச்சம் பிடிக்க வெப்பநிலையைக் குறைத்துவிட்டு, கதவைப் பூட்டி, எச்சரிக்கை மணியையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். கள்ளனுக்குப் பயந்து இவ்வளவு செய்கிறவர்கள் தண்ணீருக்கு மட்டும் முழு அமுக்கத்தோடு வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். மேல்மாடியில் ஒரு பைப் பிளந்தால், குடியிருக்கும் வீட்டில் அரைமணி நேரத்தில் யாரோ கண்டுகொள்வார்கள். பூட்டிய வீட்டில் அது கூரையை இறக்கி, தரையைப் புரட்டி, பேஸ்மன்டை நிரப்பி, மீற்றர் ஓடிக்கொண்டே இருக்கும்.

காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். ஒன்ராறியோவில் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில், வெப்பமூட்டும் பருவத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் இல்லாதிருக்கும்போது பைப் உறைந்து நேரும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற நிபந்தனை இருக்கிறது. இழப்பீடு கிடைக்க வேண்டுமானால், தகுந்த ஒருவர் நாள்தோறும் வீட்டுக்குள் வந்து வெப்பம் ஓடுகிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும்; அல்லது தண்ணீரை நிறுத்தி பைப்புகளை வடியவிட்டிருக்க வேண்டும். சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே உங்கள் பத்திரத்தையே எடுத்து வாசியுங்கள், அல்லது முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். மச்சான் வேலைக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி யன்னலைப் பார்த்துவிட்டுப் போவது அந்த நிபந்தனையை நிறைவேற்றாது.

செய்ய வேண்டியது அதிக நேரம் பிடிக்கிற வேலையும் அன்று. புறப்படும் நாளில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு சுடுநீர்த் தாங்கியை விடுமுறை நிலையில் வைத்துவிட்டு, முதன்மை வால்வை மூடுங்கள். வீட்டின் மிக உயரமான குழாயையும் மிகத் தாழ்வான குழாயையும் திறந்து, தண்ணீர் வடியும்வரை காத்திருந்து, கழிப்பறைத் தொட்டிகளையும் ஒருமுறை இழுத்து விடுங்கள். வெப்பத்தை முற்றாக நிறுத்தக் கூடாது. 15 பாகைக்குக் குறையாமல் வைத்திருங்கள், கழிவு பைப்பின் வளைவுகளில் நிற்கும் தண்ணீரும் உறையக்கூடியதே. சுடுநீர் ரேடியேற்றர்களால் வெப்பமூட்டும் பழைய வீடுகளில் முதன்மை வால்வை மூடுவது வெப்பமூட்டியைப் பாதிக்குமா என்று அதைப் பராமரிப்பவரிடம் கேட்ட பிறகே மூட வேண்டும்.

பேஸ்மன்டை வாடகைக்குக் கொடுத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய முடியாது. கீழே இருப்பவர்களின் தண்ணீரை நிறுத்த ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் இருப்பதே பெரும் பாதுகாப்பு, அதற்கு அவர்களிடம் விடயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பல வீடுகளில் முதன்மை வால்வு இருக்கும் இயந்திர அறை பூட்டப்பட்டு, சாவி மேல்வீட்டாரின் கைப்பையில், யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிறுத்த வழியின்றி நிற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சாவியைக் கொடுத்து, வால்வைக் காட்டி, ஒருமுறை மூடித் திறக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதில் வீட்டுக்காரரின் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டுக்காரரின் காப்புறுதி வாடகைக்கு இருப்பவரின் கட்டிலையும் கணினியையும் ஈடுசெய்யாது. அவர்கள் தமக்கெனத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

துலா மிதித்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளித்து வளர்ந்த தலைமுறைக்கு, வீட்டுக்குள் ஓடும் தண்ணீரே வீட்டை அழிக்கும் என்று சொல்லித்தர ஊரில் யாரும் இருக்கவில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். கார்த்திகை நடுவிலிருந்து தங்கள் இதழில் விமானச் சீட்டு விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த வாரங்களில், அதே பக்கங்களில், ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிடுங்கள்: முதன்மை வால்வு, குழாய்களை வடியவிடுதல், 15 பாகை, காப்புறுதியின் நான்கு நாள் நிபந்தனை, கீழ்வீட்டாரிடம் சாவி என்ற ஐந்து விடயங்கள் அதில் இருந்தால் போதும். அச்சுக்குப் போகுமுன் உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவரிடமும் காப்புறுதி முகவர் ஒருவரிடமும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொதிநீர் பற்றிய திருத்தம் மட்டும் அதுவரை காத்திராமல் அடுத்த இதழிலேயே வரட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கட்டடப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஸ்காபரோ.